ஒரு டிகிரி போதும்: கடல் சூடும் பவளத்தின் வெளுப்பும்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் நாகப்பட்டினத்திலும் மல்லிப்பட்டினத்திலும் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று ஏற்பாடு. எஞ்சின் பழுது, வலை வேலை, பெயின்ட் வேலை எல்லாம் இந்த நாட்களில்தான் நடக்கும். இதே வாரங்களில் கோடியக்கரையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனால் வரும் பாக் விரிகுடாவிலும், அதற்கும் கீழே மன்னார் வளைகுடாவிலும் வேறொன்று நடக்கிறது. அங்கே பவளப் பாறைகள் நிறம் இழந்து வெள்ளையாகின்றன. 2005 முதல் மன்னார் வளைகுடாவில் கோடைதோறும் ஏதோ ஓர் அளவில் இது நடந்துகொண்டிருப்பதாகத் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்து வருகிறது. படகுகளை நிறுத்தி மீனுக்கு ஓய்வு கொடுக்கிறோம். பவளத்துக்கு வரும் கேடு படகிலிருந்து வருவதில்லை என்பதால் அந்த ஓய்வு அதற்கு உதவுவதில்லை. தண்ணீரின் சூடுதான் அதைப் பிடிக்கிறது.

டெல்டாக்காரருக்குப் பவளத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து வேதாரண்யம் வரை பவளப் பாறை கிடையாது. பவளத்துக்குத் தெளிந்த உப்புத் தண்ணீர் வேண்டும், காலூன்றக் கெட்டியான தரை வேண்டும், வெளிச்சம் வேண்டும். காவிரியும் அதன் கிளைகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டியது வண்டலும் நன்னீரும். நெல்லுக்கு எது வரமோ அது பவளத்துக்கு ஆகாது. அதனால் நம் கரையில் சேறும் மணலும் இருக்கின்றன. கோரையாறும் பாமணியாறும் கடலில் கலக்கும் முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு இருக்கிறது. பவளம் தொடங்குவது மண்டபம் பக்கம். பாக் விரிகுடா ஓரமாக மண்டபம், முனைக்காடு தொடங்கித் தங்கச்சிமடம் வரை கரைக்கு இணையாக ஒரு மெல்லிய பவளத் தொடர் ஓடுகிறது. அந்தப் பக்கம் மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, 21 தீவுகளைச் சுற்றிப் பவளம். 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் கடலுக்கு மாவட்ட எல்லை கிடையாது. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், அதிராம்பட்டினம் எல்லாம் பாக் விரிகுடாவின் வடக்கு, மேற்குக் கரைகள். அங்கே பவளத்தைச் சுடும் அதே தண்ணீர்தான் இங்கே நம் படகுக்கு அடியில் இருக்கிறது.

சரி, சூடு எப்படிப் பவளத்தை வெளுக்க வைக்கிறது?

பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் விலங்கு. குண்டூசித் தலை அளவுள்ள சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாக ஒட்டி வாழ்ந்து, கடல் நீரிலிருந்து கால்சியம் கார்பனேட்டை எடுத்துத் தங்களுக்கு அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டே போகின்றன. நாம் பாறை என்று சொல்வது அந்தக் கூட்டை. மேலே உள்ள உயிர்த்தசை மெல்லிய கண்ணாடித்தாள் போலத் தெளிவாக இருக்கும், அதற்கென்று பெரிய நிறம் இல்லை. அந்தத் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. வெயிலை வைத்து உணவு தயாரிப்பது அந்தப் பாசிகள். தயாரித்ததில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடும். பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட இப்படித்தான் வருகிறது. பதிலுக்குப் பாசிக்குப் பாதுகாப்பான இடமும், பவளத்தின் கழிவிலிருந்து நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன. பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்தக் குடியிருப்பாளர்களின் நிறம்.

தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகிறது. வெயில் என்னவோ வந்துகொண்டே இருக்கிறது. வாங்கிய ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல், செல்லை அரிக்கக்கூடிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் உள்ளே பெருகுகின்றன. உணவு கொடுத்த பாசியே நஞ்சு கொடுக்கும் நிலை வருகிறது. பவளம் அவற்றை வெளியே தள்ளுகிறது. பாசி போனதும் தெளிந்த தசை வழியாக அடியில் உள்ள சுண்ணாம்பு பளிச்சென்று தெரிகிறது. இதுதான் வெளுப்பு.

இதில் சூட்டுக்கு வெயிலும் கூட்டு. மேகம் இல்லாத வானம், காற்று அடங்கிப்போன கடல், அசையாத தெளிந்த நீர் என மூன்றும் சேர்ந்தால் வெளுப்பு வேகமாகும். ஒரே பவளக் கொத்தில் வெயில் படும் மேல்பக்கம் முதலில் வெளுத்து, நிழலில் உள்ள அடிப்பக்கம் நிறத்தோடு இருப்பதைப் பார்க்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் இது அடிக்கடி தலைகீழாக வருகிறது. பனி விழுந்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும் பவளத்தின் படத்தைப் போட்டு, ‘பவளப் பாறைகள் அழிந்தன’ என்று தலைப்புக் கொடுக்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் பவளம் பெரும்பாலும் சாகவில்லை. பட்டினி கிடக்கிறது. தன் கொழுப்பை உருக்கிக்கொண்டும், கொடுக்குகளால் மிதவை உயிர்களைப் பிடித்துத் தின்றுகொண்டும் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பக் குடியேறும், சில மாதங்களில் நிறமும் திரும்பிவிடும். சூடு இறங்கவில்லை என்றால் பவளம் சாகும். செத்த பவளம் நெடுநாள் வெள்ளையாக இருக்காது. சீக்கிரமே அதன்மேல் பச்சையும் பழுப்புமாக வேறு வகைப் பாசி படர்ந்து, அழுக்குப் படிந்த கல் போல ஆகிவிடும். அதைப் படம் எடுக்க யாரும் போவதில்லை. அதனால் மே மாதக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு போயிற்று என்று சொல்ல முடியாது. பருவமழைக்குப் பிறகு மறுபடி இறங்கிப் பார்த்தால்தான் பிழைத்தது எது, போனது எது என்று தெரியும்.

அடுத்தது, எவ்வளவு சூடு? ஒரு டிகிரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். தஞ்சாவூரில் காலைக்கும் மத்தியானத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஆனால் கோடை நெல் போட்டவர்களுக்கு இது புரியும். பயிர் வளரும் காலத்தில் எத்தனையோ வெயிலைத் தாங்குகிற நெல், பூக்கும் அந்தச் சில நாட்களில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பதராகிவிடுகிறது. எல்லைக்குப் பக்கத்திலேயே வாழும் உயிருக்கு அந்த எல்லையைத் தாண்டும் ஒரு டிகிரிதான் முக்கியம். பவளம் அப்படிக் கோடைதோறும் தன் எல்லைக்குப் பக்கத்திலேயே வாழ்கிறது.

அந்த எல்லையும் ஊருக்கு ஊர் வேறு. மன்னார் வளைகுடாவில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நிலைத்தால் வெளுப்பு ஆரம்பிக்கிறது. பாரசீக வளைகுடாவில் உள்ள பவளம் கோடையில் 34, 35 டிகிரியையும் பார்த்துப் பழகியது. ஆக, தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த இடத்தின் வழக்கமான உச்சக் கோடை மாதத்தைவிட இப்போது எவ்வளவு கூடுதல் என்பதுதான் கணக்கு. பழகிக்கொள்ளாதா என்று கேட்டால், பாரசீக வளைகுடாப் பவளம் பழகிக்கொண்டதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. இப்போது கொடுக்கப்படும் அவகாசம் ஓரிரு தலைமுறை.

கூடுதல் எவ்வளவு என்பதோடு எத்தனை நாள் என்பதும் சேர வேண்டும். கடலையும் வானிலையையும் ஆராயும் அமெரிக்க அரசின் நோவா அமைப்பு இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. செயற்கைக்கோள் மூலம் கடலின் மேற்பரப்பு வெப்பத்தைப் பார்த்து, வழக்கமான உச்சக் கோடையைவிட குறைந்தது 1 டிகிரி கூடுதலாக இருந்த வாரங்களின் கூடுதல் டிகிரியை எல்லாம் கடந்த 12 வாரத்துக்குக் கூட்டுகிறார்கள். 1 டிகிரி கூடுதலாக 4 வாரம் இருந்தால் கணக்கு 4. 2 டிகிரி கூடுதலாக 2 வாரம் இருந்தாலும் 4தான். 4ஐத் தொட்டால் கணிசமாக வெளுப்பு வரும். 8ஐத் தொட்டால் சாவு ஆரம்பம். முன்பு அபாய அளவுகோல் அந்த 8ஓடு நின்றது. 2023இல் அமெரிக்கக் கண்டத்தை ஒட்டிய கடல்களில் கணக்கு அதையெல்லாம் தாண்டி எங்கோ போய்விட்டதால், அந்த வருடக் கடைசியில் மேலே இன்னும் மூன்று படிகளைச் சேர்த்தார்கள். கடைசிப் படி 20க்கு மேல், கிட்டத்தட்ட எல்லாப் பவளமும் சாகக்கூடிய நிலை. அளவுகோலையே நீட்ட வேண்டிவந்தது என்பது, எந்தக் கட்டுரையை விடவும் எனக்கு விஷயத்தைப் புரியவைத்த செய்தி.

நம் நாட்டில் ஐதராபாத்தில் உள்ள, கடல் பற்றிய தகவல் தரும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனமும் இதே வகைக் கணக்கில் அந்தமான், லட்சத்தீவு, கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடா முதலிய இடங்களுக்குப் பவள வெளுப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது. இந்தப் பெயர் நாகை மீனவர்களுக்குப் புதிதல்ல. எங்கே மீன் கூடியிருக்க வாய்ப்பு என்று அறிவிப்புக் கொடுப்பதும் இதே நிறுவனம்தான். இரண்டுக்கும் அடிப்படை கடலின் மேற்பரப்பு வெப்பத்தைச் செயற்கைக்கோளில் பார்ப்பது.

கடல் ஏன் இப்படிச் சூடாகிறது என்பதற்கு இரண்டு அடுக்கு இருக்கிறது. அடியில் இருப்பது மெதுவான, நிற்காத ஏற்றம். நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் பூமியில் தேக்கிவைத்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொண்டது. அதிலும் இந்தியப் பெருங்கடல் வேகமாகச் சூடாகும் கடல்களில் ஒன்று. 1950இலிருந்து 2020க்குள் அதன் மேற்பரப்பு சுமார் 1.2 டிகிரி ஏறியிருக்கிறது என்று புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் சொல்கிறார்கள். அதற்கு மேல் வந்து உட்காருவது எல் நினோ. பசிபிக்கில் தோன்றும் அந்தச் சூடு, இந்தியப் பெருங்கடலின் மேல் மேகத்தையும் காற்றையும் குறைத்து, சில மாதங்கள் கழித்து இங்கேயும் தண்ணீரைச் சூடாக்கும். 1998, 2010, 2016, 2024 என்று மன்னார் வளைகுடாவின் மோசமான வருடங்கள் எல்லாம் எல் நினோவை ஒட்டியவை. உலகம் முழுக்கப் பவளம் வெளுத்ததாகப் பதிவான நான்கு நிகழ்வுகளும் இவற்றோடு பொருந்துகின்றன. நான்காவதை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2025 ஏப்ரல் வரையிலான கணக்குப்படி உலகின் பவளப் பரப்பில் சுமார் 84 சதவீதம் அந்தச் சூட்டில் சிக்கியிருந்தது.

எல்லாப் பழியையும் எல் நினோமேல் போடுகிறவர்கள் உண்டு. அது இயற்கை, வரும் போகும் என்பார்கள். எல் நினோ இயற்கைதான், நூற்றாண்டுகளாக வந்து போகிறது. ஆனால் அடித்தளமே ஒரு டிகிரிக்குமேல் ஏறிவிட்ட பிறகு, முன்பு தாங்கிய எல் நினோவைப் பவளத்தால் இப்போது தாங்க முடிவதில்லை. 2022இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டு, தண்ணீர் சற்றுக் குளிர்ந்திருக்க வேண்டிய லா நினா ஆண்டிலேயே பெருமளவில் வெளுத்தது. அதன்பிறகு இந்த வாதத்தில் சாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. பவளம் இருக்கும் கரையோரம் இன்னும் ஆழம் குறைவு. ஆழம் குறைந்த தண்ணீர் சீக்கிரம் சூடாகும். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரவும் வழியில்லை. ராமேஸ்வரம் தீவும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் குறுக்கே நிற்பதால் தெற்கிலிருந்து வரும் அலையும் முழுசாக உள்ளே வராது. மன்னார் வளைகுடா தெற்கே திறந்த கடல். மே கடைசியிலும் ஜூனிலும் தெற்கிலிருந்து சோளகம் பலமாக வீசத் தொடங்கினால் தண்ணீர் கலங்கி, புரண்டு, சூடு தணியும். மேகமும் வந்து வெயிலை மறைக்கும். வெளுத்த பவளம் பிழைப்பது பெரும்பாலும் இந்தக் காற்றால்தான். பருவக்காற்று பத்து, பதினைந்து நாள் தள்ளிப்போனால் மேட்டூர் திறப்பைப் பற்றி நாம் கவலைப்படுவோம். கடலுக்குள் அந்தத் தாமதத்துக்கு விலை வேறு.

2016இல் அந்த விலை தெரிந்தது. மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. அதிகம் போனது அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா என்ற வேகமாக வளரும் வகைகள். மான்கொம்பு மாதிரிக் கிளை விடும் அக்ரோபோராவின் இடுக்குகளில்தான் சின்ன மீன்கள் ஒளிந்து வளரும். உருண்டையாக, மெதுவாக வளரும் போரைட்டிஸ் வகை ஓரளவு தாங்கியது. இப்படி ஒவ்வொரு சூட்டிலும் கிளைப் பவளம் குறைந்து உருண்டைப் பவளம் மிஞ்சினால், பரப்பு அளவில் ஓரளவு தேறினாலும் மீன் ஒளிய இடம் குறைந்துவிடும். சதவீதக் கணக்கில் இந்த இழப்பு தெரியாது.

இதற்கு முன்னால் நாமே செய்த கேடும் உண்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வெட்டி எடுப்பது பல பத்தாண்டுகள் நடந்தது. அரண் போன பிறகு அலை தின்று, 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் கடலுக்குள் மூழ்கின. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சில வருடங்களில் வெட்டுவதும் நின்றது. வெட்டுவது நின்ற அதே காலத்தில் வருடாந்தர வெளுப்புப் பதிவாகத் தொடங்கியது என்பது அந்தப் பவளத்தின் துரதிர்ஷ்டம்.

டெல்டாவின் மீன் சந்தையில் இதன் பாதிப்பு உடனே தெரியுமா? பெரிதாகத் தெரியாது என்றே சொல்வேன். நாகை, வேதாரண்யம் பக்கம் கரை சேர்வது அதிகமும் சூடை, காரப்பொடி, நண்டு, இறால் மாதிரி மண்தரையிலும் திறந்த நீரிலும் வாழ்பவை. பவளத்தை அண்டி வாழும் கலவா, விளமீன் வகைகள் அதில் ஒரு பங்குதான். பவளம் போனால் நாளைக்கே நம் குழம்பில் மீன் இருக்காது என்று பயமுறுத்துவது சரியில்லை.

ஆனால் அதே சூடு வேறு வழிகளில் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. மத்தியைப் பாருங்கள். 1985க்கு முன்பு மத்தி என்றால் மலபார் கரை மீன். பிறகு மெல்ல வடக்கேயும், குமரி முனையைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கும் பரவி, தமிழ்நாட்டில் முக்கிய மீன்களில் ஒன்றாகிவிட்டது. கடல் சூடானது இதற்கு ஒரு காரணம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மத்திக்குத் துடுப்பு இருக்கிறது, பிடிக்காவிட்டால் இடம் மாறிக்கொள்ளும். பவளம் ஒட்டிய இடத்திலேயே இருந்தாக வேண்டும்.

அப்புறம் கடல் மட்டம். சூடான தண்ணீர் விரியும். 1971க்குப் பிறகு உலகக் கடல் மட்டம் உயர்ந்ததில் ஏறக்குறைய பாதி, வெறுமனே தண்ணீர் விரிந்ததால் வந்தது. கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மேலே வயல் வைத்திருக்கும் தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதிக்கு இது நேரடியான விஷயம். ஆற்றில் தண்ணீர் குறைந்த மாதங்களில் உப்பு நீர் உள்ளே ஏறுவது அங்கே யாருக்கும் புதிதில்லை. புயலுக்குத் தீனியும் கடலின் சூடுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜாவில் தென்னை போனவர்களுக்கு அதைப் புள்ளிவிவரம் வைத்து விளக்க வேண்டியதில்லை. கடல் சூடாக இருந்தால் மட்டும் புயல் உருவாகிவிடாது, காற்றின் நிலையும் ஒத்துவர வேண்டும். உருவான புயல் வேகமாக வலுக்கச் சூடான கடல் உதவும்.

டெல்டாவிலிருந்து பவளத்துக்குப் போகும் கேடும் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகும். ஆறுகளின் சேறும், வயல் உரமும், ஊர்களின் சாக்கடையும் அதோடு பாக் விரிகுடாவுக்குள் போகின்றன. படியும் சேறு பவளத்தை மூச்சுத் திணற வைக்கும். உரமும் கழிவும் கல்லின்மேல் படரும் அந்த வேறு வகைப் பாசியை வளர்க்கும். வெளுத்துச் செத்த இடத்தில் புதுப் பவளக் குஞ்சு வந்து ஒட்ட வெறும் கல் வேண்டும். அந்தக் கல்லைப் பாசி முந்திக்கொண்டு மூடினால் மீட்சி இல்லை. நடுவில், கழிவின் ஒரு பகுதியைப் பிடித்து வடிகட்டுவது முத்துப்பேட்டை அலையாத்தியும் பாக் விரிகுடாவின் கடல்புல் படுகைகளும். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்ற கடல்பசுவுக்கான காப்பகமாக அரசு அறிவித்தது. கடல்பசுவுக்காக வந்த ஏற்பாடு என்றாலும், அதில் காக்கப்படும் புல் பவளத்துக்கும் உதவும்.

பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டத்தில் கட்டி நட்டு வளர்ப்பதும் நடக்கிறது. வெட்டி எடுத்ததால் பாழான இடத்தில் அது பலன் தருகிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நட்ட துண்டும் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. அடுத்த சூட்டில் அதுவும் வெளுக்கும். சூட்டைத் தாங்கி நின்ற கொத்திலிருந்து துண்டு எடுத்து நடுவது கொஞ்சம் புத்திசாலித்தனம், அவ்வளவுதான். இன்னொரு எளிய வேலை, சூடு ஏறும் வாரங்களில் மற்ற தொந்தரவுகளை நிறுத்துவது. தாய்லாந்து பெரும் வெளுப்புக்குப் பிறகு முக்குளிப்புச் சுற்றுலா இடங்கள் பலவற்றை மூடியது. எச்சரிக்கை முன்கூட்டியே கிடைக்கும்போது, கடலோரக் கட்டுமானம், தூர்வாரல், கண்ணாடிப் படகுச் சுற்றுலா ஆகியவற்றை ஏப்ரல் முதல் ஜூன் வரை தள்ளிவைக்க இங்கேயும் முடியும்.

இதெல்லாம் பவளத்துக்கு வாங்கிக் கொடுப்பது அவகாசம். எவ்வளவு அவகாசம் தேவை என்பதற்கு லட்சத்தீவு ஒரு கணக்குக் காட்டுகிறது. அங்கே 1998இலிருந்து 24 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில் பவளப் பரப்பு சுமார் 37 சதவீதத்திலிருந்து 19 சதவீதத்துக்கு, பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு வெளுப்புக்குப் பின் ஆறு வருடம் போல அமைதி கிடைத்த பிறகே மீட்சி வேகம் பிடித்தது. பெரிய வெளுப்புகளின் இடைவெளியைப் பார்த்தால் 1998க்கும் 2010க்கும் நடுவே 12 வருடம், 2010க்கும் 2016க்கும் நடுவே 6, 2016க்கும் 2024க்கும் நடுவே 8. தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட உலகச் சராசரி வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் வெப்பமண்டலப் பவளத்தில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரி என்றால் 99 சதவீதத்துக்கு மேல் போகும் என்பது ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2018இல் வெளியிட்ட மதிப்பீடு. 2024ஆம் ஆண்டின் சராசரி, தனி ஒரு வருடமாக, அந்த 1.5ஐத் தாண்டிவிட்டது.